மானுக்கு எட்டாத உயரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், இரண்டு தடவையும் யாராவது வாசலில் வந்து கூப்பிட்டார்கள். இன்றைக்கு மத்தியானத்திலிருந்து மழை, கரண்டும் இல்லை. இனி யாரும் வரமாட்டார்கள். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தங்கச்சி மாடிப்படி ஏறுகிறாள் என்று நீ எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷம். உனக்குத்தான் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது போல. அசோகா அல்வாவை நிறுத்து என்றால் நீ கேட்கவா போகிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி பங்காக வந்த கோடியக்காட்டுப் பக்கத்து மூன்று மா நிலத்தில், அதாவது ஒரு ஏக்கரில், ஐப்பசிக்குள் மா வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். (மூன்று மா நிலத்தில் மா. நம் தமிழ் ஐயா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு பீரியட் ஓட்டியிருப்பார்.) மருமகன் செல்போனில் பார்த்துவிட்டு அடர் நடவு செய்யலாம் என்கிறாராம். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஏக்கருக்கு 674 கன்று, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் கவாத்து, ஏணியே வேண்டாம், தரையில் நின்று பறிக்கலாம் என்று கணக்கு. பறிக்கலாம்தான். ஆனால் உனக்கு முன்னாடி தரையில் நின்று பறிக்கிற ஆசாமி அங்கே இருக்கிறானே.

உன் நிலத்துக்கு அந்தண்டை இருப்பது சரணாலயம். 1967ல் வெளிமானுக்காக அறிவித்த காடு. நம் ஊரில் எல்லாவற்றையும் மான் என்றுதான் சொல்கிறோம், ஆனால் தோட்டக்காரனுக்கு இரண்டும் ஒன்றல்ல. முறுக்குக் கொம்பு வெளிமான் திறந்த வெளியில் புல் மேய்கிற ஜாதி, என் மாந்தோப்புக்குள் அது நுழைந்து நான் பார்த்ததில்லை. வருகிறது புள்ளிமான். புல்லும் தின்னும், தழையும் தின்னும், உதிர்ந்த பழமும் தின்னும். கோடையில் உள்ளே குட்டைகள் வற்றினால் தண்ணீரைத் தேடி வரும், வந்த இடத்தில் தளிர் இருந்தால் விடுமா?

எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததாக நினைவே இல்லை. மான் அன்றைக்கும் இருந்தது, மாவும் இருந்தது. ரொம்ப நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. அன்றைக்கு இருந்தவை எல்லாம் பெரிய மரங்கள். அடித்தண்டு ஆளுயரம், அதற்கு மேல்தான் கவை. கீழே நின்று மான் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும், உதிர்ந்ததைப் பொறுக்கும், அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் தோப்பில் நின்ற அறுபத்திரண்டு மரத்தில் மிஞ்சியது ஐந்து. காட்டிலும் மரங்கள் சாய்ந்தன, மான்களும் செத்தன. காரைக்கால் பக்கம் வரைக்கும் உடல்கள் கரை ஒதுங்கியதைப் பேப்பரில் நீயும் படித்திருப்பாய். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஒட்டுக்கன்று வாங்கி வைத்தோம். ஒரே சமயத்தில் ஊர் முழுக்க மாமரம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மான் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. நாம்தான் இலையைக் கொண்டுபோய் அதன் வாய்க்கு நேராக வைத்தோம்.

நான் 2020 புரட்டாசியில் நாற்பது ஒட்டு வைத்தேன். தை மாதம் முதல் கொழுந்து விட்டது. அந்தச் செம்புநிறக் கொழுந்து உனக்குத் தெரியும், வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருநாள் காலையில் போனால் பதினோரு கன்று மொட்டையாக நிற்கிறது. முதலில் ஆடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கத்திவிட்டேன். அப்புறம் குனிந்து பார்த்தேன். மணலில் கூரான இரட்டைக் குளம்பு, பக்கத்தில் புளியங்கொட்டை அளவு புழுக்கை. ஆட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது, கடித்து நறுக்காது, பிடித்து இழுக்கும். அதனால் காம்பு நுனி நார் நாராகத் தொங்கும். முயல் கடித்திருந்தால் கத்தி வைத்துச் சீவினது போல் சாய்வாக இருக்கும். ஆடா மானா என்பதற்கு நுனியைப் பார்த்துப் பயனில்லை, இரவில் ஆடு பட்டிக்குள் இருந்ததா என்று கேட்டாலே போதும். இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், காபி கொடுத்து அனுப்பினார்.

இன்னொன்று. தின்ற கன்று மறுபடி துளிர்க்கிறதே என்று சந்தோஷப்படாதே. ஒட்டுக்கட்டுக்குக் கீழே வருகிற துளிர் வேர்ச்செடியுடையது, அது வளர்ந்தால் நீ காசு கொடுத்து வாங்கிய ஒட்டு போய்விடும், நாட்டுக்காய்தான் நிற்கும். கட்டுக்குக் கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டும். எனக்கு நான்கு கன்று அப்படிப் போயிற்று.

பிறகு ஊரில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம். எங்கள் கல்யாணத்துக்கு உன் தங்கச்சிக்கு வாங்கிய புடவைகூட அதில் போயிற்று, அவளுக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான். ஒரு மாதம் நன்றாக வேலை செய்தது. அழுகிய முட்டையைக் கரைத்து வேப்பெண்ணெய் சேர்த்துத் தெளித்தேன். அந்த நாற்றத்துக்கு மான் வரவில்லை, நிஜம்தான், சம்பந்திகளும் வரவில்லை. ஆனால் ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், புதுக் கொழுந்து வந்தால் அதன் மேல் மருந்தே இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே எத்தனை தடவை தெளிப்பாய்? அப்புறம் விட்டு விட்டு எரிகிற விளக்கு ஒன்றை ஆன்லைனில் வாங்கினான் சின்னவன். வேதாரண்யம் விளக்கழகு என்பார்களே, மானும் நாலு நாள் தள்ளி நின்று பார்த்தது, ஐந்தாம் நாள் அதன் வெளிச்சத்திலேயே மேய்ந்தது.

மின்வேலி என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. லைனிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்துக் கம்பியில் விடுகிறவன் மானைக் கொன்றாலும் ஜெயில், மனுஷனைக் கொன்றாலும் ஜெயில். சோலார் வேலி வேறு, அது விட்டு விட்டு ஒரு நொடிக்கும் குறைவாகத் தட்டும், உயிர் போகாது. ஆனால் காட்டை ஒட்டிய நிலத்தில் அதற்கும் 2023லிருந்து விதி இருக்கிறது, பதிவு செய்ய வேண்டும். மேலும் இந்த உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிற வேகம் உனக்குத் தெரியாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்டின் வேகம் குறைந்துவிடும், தினம் ஒருவன் அதைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு பௌர்ணமி ராத்திரி திண்ணையில் படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. கஜாவில் தப்பிய மரம் ஒன்றில் ஒரு கிளை தாழ்ந்து தொங்கும். அதன் அடியில் ஒரு பெட்டை வந்து நின்றது. காதை இரண்டு தடவை திருப்பியது. அப்புறம் சத்தமே இல்லாமல் பின்னங்காலில் எழுந்தது, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, ஏதோ பழகின வேலை போல. நுனி இலையைப் பிடித்து இழுத்தது, கிளை திரும்பி அடித்தது, அது அசரவில்லை. எனக்குக் கல்லெறியத் தோன்றவில்லை. காலையில் மூங்கிலை வைத்து அளந்தேன். தரையிலிருந்து ஐந்தே முக்கால் அடி வரைக்கும் இலை இல்லை. அதற்கு மேல் ஒரு இலைகூடக் கிழியவில்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், தோட்டத்தைக் காக்க வேண்டாம், கன்றைக் காத்தால் போதும், அதுவும் தலை ஆறடி தாண்டுகிற வரைக்கும். நல்ல தண்ணீர் இருந்தால் மூன்று, நான்கு வருஷம். ஒரு கன்றுக்கு மூன்று சவுக்குக்கழி, கன்றிலிருந்து இரண்டடி தள்ளி ஊன்றி, ஆறடி உயரத்துக்குப் பழைய மீன்வலையைச் சுற்று. ஆறுகாட்டுத்துறையில் கேட்டால் கழித்துப்போட்ட வலை கிடைக்கும். முதலில் நான் ஒரு அடி தள்ளித்தான் கட்டினேன். கண்ணி வழியாக வெளியே வந்த இலையையெல்லாம் தின்றுவிட்டது, கன்று சுருட்டின பாய் மாதிரி நின்றது. இன்னொரு தப்பு, வலையைத் தொளதொளவென்று விட்டது. ஒரு கிடாவின் கொம்பு மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கத் திமிறியது. வனத்துறை ஆட்கள் வந்து அறுத்துவிட்டார்கள். செத்திருந்தால் என் நிலை என்ன? மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டு, அடியில் முளையடி. இது மணல், கழியை இரண்டடியாவது இறக்கவில்லை என்றால் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

தலை தாண்டிவிட்டதே என்று கூண்டை உடனே பிரிக்காதே. புள்ளிமானுக்குக் கொம்பு ஒவ்வொரு வருஷமும் விழுந்து முளைக்கும். புதுக் கொம்பின் மேல் இருக்கிற தோலை உரிக்கக் கட்டைவிரல் பருமன் தண்டாகப் பார்த்து உரசும். பட்டை ஒரு பக்கம் போனால் பிழைக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ எடுத்து, ஐந்தைந்து லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்த போர்டோ பசையைப் பூசு. சுற்றிலும் உரிந்துவிட்டால் இலையிலிருந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது, கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் காய்ந்துவிடும். தண்டு கை மணிக்கட்டு அளவு ஆகட்டும், அப்புறம் பிரி.

அதனால்தான் மருமகனின் கணக்கு அங்கே உதவாது என்கிறேன். 674 கன்றுக்குக் கூண்டு கட்ட முடியாது, குட்டையாகவே வைத்தால் ஆயுசுக்கும் கூண்டைப் பிரிக்கவும் முடியாது. ஒட்டுமொத்தமாக வேலி போடலாமே என்பார். உன் ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால்கூடச் சுற்றளவு 830 அடிக்கு மேல், உயரம் ஏழெட்டடி வேண்டும், செலவைக் கூட்டிப் பார். முப்பதடி இடைவெளியில் நாற்பது, ஐம்பது கன்று வை. அது கணக்குக்கும் கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கே உறுத்துகிறது. புயலுக்குக் குட்டை மரம்தான் நல்லது. ஆறடித் தண்டுக்கு மேல் கவை விட்டால் காற்று பிடிக்கும். நான் செய்வது இது: ஆறடியில் கவை, ஆனால் அதற்கு மேல் ஓங்க விடாமல் ஆடியில் காய்ப்பு முடிந்ததும் தலையை வெட்டிக் குடை மாதிரி அகலமாக வைக்கிறேன். கூண்டுக்குள் இருக்கும் வரை பக்கத் துளிரை முழுக்க எடுக்காதே, தண்டு பருக்க இலை வேண்டும், பிரிக்கிற வருஷம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பெரும்புயலுக்கு இது நிற்குமா? நின்றால் எழுதுகிறேன்.

ஓரத்துக்கு உயிர்வேலியாகக் கிளுவைப் போத்து ஊன்றிவிடு, ஆடி போய்விட்டதே என்று பார்க்காதே, இந்த மழையில் பிடிக்கும். அதன் தழையை ஆடும் தின்னும், மானும் தின்னும், தின்னட்டும். படல் வாசலில் மட்டும் கீற்றை நெருக்கமாக வை. அந்தப்பக்கம் எங்கே கால் வைப்பது என்று தெரியாவிட்டால் மான் தாண்டத் தயங்கும். சும்மா கிடக்கிற மூலையில் சீதா வை, ஆடு தொடாத அதை என் தோட்டத்தில் மானும் தொடவில்லை. கொய்யா வேண்டாம், அழைப்பிதழ் அடித்துக் கொடுத்த மாதிரி.

நம் வேதாரண்யம் கோவில் கதவை அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடித் திறந்தார், சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்தார். என் படலை ராத்திரி அடைக்க மறந்துவிட்டுக் காலையில் வீட்டில் கேட்கிற பாட்டு இருக்கிறதே, அதற்குப் பதிகம் பத்தாது. உன் வீட்டில் அந்தப் பொறுப்பைத் தங்கச்சியிடமே கொடுத்துவிடு.

சின்னவனுக்குத் திருப்பூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் சரியாக வரவில்லை, உங்கள் பக்கம் நடவு முடிந்திருக்கும். நீ கன்று வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வா, இருவரும் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வலைக்கும் சொல்லிவிடலாம். வரும்போது கும்பகோணத்து வெற்றிலை இரண்டு கவுளி.

உன்,
பழைய ஹாஸ்டல் ரூம்காரன்

பி.கு.: இருபத்தொன்பது கன்று பிழைத்தது. அதில் ஏழு போன மாதம் வலைக்கு மேலே தலையை நீட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆடும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.