அண்ணனை ஊதச் சொல்

தஞ்சாவூர்,
ஜூலை 12

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பெரியண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்களாமே. "ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, ஊதிப் பார்க்கிற டெஸ்ட் வேற எதுக்கு, தண்டச் செலவு" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கும் அதே நோய்தானே. நுரையீரலில் ஒரு மடலை எடுத்த ஆபரேஷனுக்கு முன்னால் நானும் ஊதினேன். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். எதிரே நின்ற பெண், "ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று கத்துகிறாள். எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது. நம்ம கோயில் நாகசுரக்காரர் கன்னம் ஏன் அப்படி உப்பும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் நொடியில் வெளிவந்த காற்று, என் வயசுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் 76 சதவீதம். டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். இரண்டு நுரையீரலும் சேர்ந்து 19 கூறு. எடுக்கப்போகிற வலது மேல்மடலில் 3. மிச்சம் 16. 76ஐ 19ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் 64. மூச்சில் இழுத்த வாயு நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்கிற வாயு டெஸ்டுக்கும் அதே கணக்கு. "ரெண்டும் 60க்கு மேல நிக்குது, எடுத்துடலாம்" என்றார். பின்னக் கணக்கில் பிரம்படி வாங்கியவன் நான். என் உயிரே ஒரு பின்னக் கணக்கில் நின்றது பார்!

அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு இம்யூனோதெரபி ஊசி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய் மேல் ஏவிவிடுகிற மருந்து. ஐந்தாவது ஊசி போட்ட பிறகு வறட்டு இருமல், மாடி ஏறினால் இளைப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டுகிற கருவி, உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டியது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டதும் 88. வாயு டெஸ்ட் எடுத்துப் பழைய தாளோடு வைத்துப் பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. சி.டி.யில் நுரையீரல் அழற்சி. ஊசியை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்த பிறகுதான் இருமல் தணிந்தது. அந்தப் பழைய தாள் மட்டும் இல்லையென்றால், ஆபரேஷன் பண்ணின உடம்பு, இளைக்கத்தான் செய்யும் என்று நானே விட்டிருப்பேன்.

கரண்ட் முடிந்து 1 முதல் 6 மாசத்துக்குள் இதே மாதிரி அழற்சி வரலாம். அண்ணனுக்கோ ஐம்பது வருஷத்துப் பீடி. இருமல்தானே என்று டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதே. கரண்ட் வைக்கும் முன்பே ஊதவைத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வை. கீமோவில் ரத்தம் குறைந்திருந்தால் வாயு டெஸ்ட் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோ.

வீட்டில் பார்வதி உன்னை விசாரித்தாள். மாடிக்கு 18 படி, நடுவில் ஒருதரம் நிற்கிறேன், அவ்வளவுதான். அண்ணனுக்கு என்ன எண் வந்தது என்று எழுது.

உன்,
ராஜு