படகைப் பார்க்கிறார்கள், வீட்டை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை ஒப்பந்தப் பதிவு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று பதினோரு ஆண்டுகளில் ஐந்து வீடு மாறியவன் நான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது, நல்லதுதான். கட்டுமானப் பழுதுகளைப் பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. ஆனால் வாடகைக்கு விடும் முன் அந்த வீடு குடியிருக்கத் தக்கதுதானா என்று வந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு மழை இரவு. பேத்தியின் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். உப்புக்காற்றில் கம்பி ஊதிப்போய், விரல் பட்டதும் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. "கடற்கரையில் எந்த வீட்டில் சார் உதிரவில்லை?" என்றார் வீட்டுக்காரர். கொத்தனார் துருவைச் சுரண்டக்கூட இல்லை. அதன் மேலேயே சிமெண்டைப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார். மறுமாதம் வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூடியது. வெள்ளையடித்த வீடாயிற்றே!

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர் விசைப்படகுகளை மீன்வளத் துறையினர் ஒவ்வொன்றாக ஆய்வு செய்கிறார்கள். படகுக்குப் பதிவு எண் உண்டு, உரிமம் உண்டு. குடும்பமே படுத்துறங்கும் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் தம்மையும் வீட்டையும் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகத்தைத் தாமே கவனித்தால் பயிற்சி பெற்று உரிமமும் வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், கையெழுத்துக்கு இவ்வளவு என்று இன்னொரு மேசை முளைக்கும் என்பது எனக்கும் தெரியும். பின்கட்டை வாடகைக்கு விட்டு அதில் மருந்து வாங்கும் மூதாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்களை அலைக்கழிக்க வேண்டாம். மூன்று வீட்டுக்கு மேல் வாடகைக்கு விடுபவர்களிடமிருந்தும், தை அமாவாசை, ஆடி அமாவாசை நெருங்கினால் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி நாள் வாடகைக்கு அறை விடுபவர்களிடமிருந்தும் தொடங்கலாம். கூரை, மின்கம்பி, கழிவறை ஆகிய மூன்றையும் நகராட்சிப் பொறியாளர் ஒருமுறை நேரில் பார்த்த பிறகே உரிமம் என்றால் போதும்.

பூசிய இடத்தில் இப்போது பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. தொட்டிலை அவிழ்த்து அடுத்த அறையில் கட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு வாசகர்,
ராமேஸ்வரம்.