வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

‘புராசஸ் உருவாக்க இவர்கள் சர்வரில் பல மடங்கு நேரம் பிடிக்கிறது’ என்று, உங்கள் தளங்கள் ஓடும் நம் சர்வரையும் இன்னொரு சர்வரையும் அருகருகே வைத்த படம் உங்களில் பலருக்கு வந்திருக்கும். (புராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்.) போன வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் போன். ஒவ்வொருவரிடமும் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு கட்டளையை 1000 முறை ஓட்டும் லூப்தான். ஆனால் அந்தப் பக்கம் வெறும் ‘ட்ரூ’ (எதையும் செய்யாமல் முடியும் கட்டளை). நம் பக்கம் ‘/பின்/ட்ரூ’ என்று முழுப் பாதை. வெறும் ‘ட்ரூ’ நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அதை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு புராசஸ்கூடப் பிறக்காது. முழுப் பாதை கொடுத்தால்தான் ஷெல் ஒவ்வொரு முறையும் ஃபோர்க் செய்து (தன்னைப் போல இன்னொரு புராசஸை உருவாக்கி), எக்ஸெக் செய்து (அதில் புது புரோகிராமை ஏற்றி), சி லைப்ரரியை இணைத்து, அது முடியும்வரை காத்திருக்கும். அதாவது, அங்கே அளக்க வேண்டிய வேலையே நடக்கவில்லை. இங்கே 1000 புராசஸ் பிறந்து முடிந்திருக்கின்றன. ‘டைப் ட்ரூ’ என்று அடித்திருந்தால் ஷெல்லே சொல்லியிருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் நம் பெயரைப் போட்டுப் பரப்பியது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரியாகவே அளந்திருந்தாலும், அந்த எண் உங்கள் தளத்தின் வேகம் ஆகாது. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது புராசஸ் என்பது பழைய சிஜிஐ முறை. பிஎச்பி தளங்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் மாஸ்டர் புராசஸ் ஃபோர்க் மட்டும் செய்கிறது, எக்ஸெக் கிடையாது. அப்படிப் பிறந்த வொர்க்கர் புராசஸ் அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தனி விர்ச்சுவல் சர்வர் வைத்திருப்பவர்கள் ‘விஎம்ஸ்டாட் -எஃப்’ அடித்தால், பூட் ஆனதிலிருந்து எத்தனை ஃபோர்க் என்ற எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, முகப்புப் பக்கத்தை வேறு கணினியிலிருந்து கர்ல் (பக்கத்தைக் கட்டளை வழியே கேட்டு வாங்கும் கருவி) கொண்டு 100 முறை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். (அதே சர்வரில் ஓட்டினால் கர்லின் புராசஸ்களும் கணக்கில் ஏறிவிடும்.) எண் கொஞ்சம்தான் ஏறியிருக்க வேண்டும். 100, 200 என்று ஏறினால் உங்கள் கோடில் எங்கோ வெளிப் புரோகிராமை ஓட்டும் ‘ஷெல்_எக்ஸெக்’ இருக்கிறது. பெரும்பாலும் படத்தைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக்கைக் கூப்பிடும் இடமாக இருக்கும். அங்கே பிஎச்பியின் இமேஜிக் எக்ஸ்டென்ஷனுக்கு மாறுங்கள்.

பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஃபோர்க் மெமரியை நகலெடுப்பதில்லை, மெமரியில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையான பேஜ் டேபிளைத்தான் நகலெடுக்கிறது. 1 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 2,62,144 பதிவுகள். பதிவுக்கு 8 பைட் என்றால் 2 எம்பி. அப்ளிகேஷன் வீங்க வீங்க ஒவ்வொரு ஃபோர்க்கும் மெதுவாகும். லினக்ஸில் பைத்தான் 3.10 முதல் வேறு புரோகிராம்களை ஓட்டும் சப்புராசஸ் மாட்யூல் முடிந்த இடங்களில், அந்த அட்டவணையை நகலெடுக்காத விஃபோர்க்கைப் பயன்படுத்துவதால் இந்தச் சுமை இல்லை. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாறிக்கொள்வது நல்லது.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. சிறிய திட்டங்களில் எஃப்பிஎம்மை ‘ஆன்டிமாண்ட்’ முறையில் வைத்திருந்தோம். 10 நொடி யாரும் வராவிட்டால் வொர்க்கர் மூடப்படும். அடுத்து வருபவர் புது ஃபோர்க்குக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வொர்க்கரின் ரியல்பாத் கேஷும் (ஃபைல் பாதைகளை நினைவில் வைக்கும் இடம்) காலியாக இருக்கும். கூட்டம் குறைந்த தளங்களில் முதல் கிளிக் மட்டும் இழுத்தது இதனால்தான். சிரமத்துக்கு மன்னிக்கவும். இனி ‘டைனமிக்’ முறையில் குறைந்தது 2 வொர்க்கர் எப்போதும் தயாராக இருக்கும். அதற்குப் பிடிக்கும் மெமரிக்காக அடுத்த புதுப்பித்தலிலிருந்து மாதம் 60 ரூபாய் கூடும்.

படத்தை நம்பிவிடாமல், முதலில் எங்களைக் கூப்பிட்டு விசாரித்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. லாக் ஃபைலை எடுத்து அனுப்பி, முதல் கிளிக் மட்டும்தான் தாமதமாகிறது என்று காட்டிக்கொடுத்தவர்களை மறக்கவே மாட்டோம்.

இன்னும் மெதுவாகத் தெரிந்தால் இரண்டு விதமாக அளந்து அனுப்புங்கள். கர்லில் முதல் பைட் வர ஆகும் நேரத்தை, 15 நொடி இடைவெளி விட்டு 10 முறை. பிறகு இடைவெளியே இல்லாமல் 10 முறை. சராசரி போட வேண்டாம், இருபது எண்களையும் அப்படியே அனுப்புங்கள். முதல் பத்து மட்டும் பெரிதாக இருந்தால் வொர்க்கர் தொடங்குவதில் சிக்கல், அது எங்கள் வேலை. இருபதுமே பெரிதென்றால் டேட்டாபேஸ் குவெரியைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
நிர்வாகம்