அஞ்சலி விளம்பரத்துல வருஷத்தையும் ஊரையும் முழுசா போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வர்ற கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி விளம்பரங்களை நான் வெட்டி எடுத்து வெச்சுக்கறேன், குடும்ப வம்சாவளி எழுதறவங்களுக்கு அது ஒவ்வொண்ணும் ஒரு ஆவணம்தான். ஆனா பாதிக்குப் பாதி உபயோகப்படாம போயிடுது. 'தோற்றம் 4.7.38'னு போட்டிருக்கும், அது ஜூலை நாலா இல்ல அமெரிக்காவுல இருக்கற பிள்ளைங்க அவங்க வழக்கப்படி மாசத்தை முன்னாடி போட்டு அனுப்புன ஏப்ரல் ஏழா, யாருக்குத் தெரியும்? மாசத்தை எழுத்துல எழுதி 1938னு முழுசா போட்டா சந்தேகமே வராது. தமிழ் வருஷம் போடறவங்களும் பக்கத்துலயே இங்கிலீஷ் வருஷத்தைப் போடணும், வெறும் பிரமாதி வருஷம்னா 1879லயும் வருது, 1939லயும் வருது.

பேரு இன்னும் சிக்கல். நம்ம பக்கம் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைக்கறோம், அப்பா பேரை விரிச்சு எழுதாம 'ஆர். சுப்ரமணியன்'னு விட்டா ஒரே வீட்டுல எந்த சுப்ரமணியன்னு பிரிக்கவே முடியாது. பொம்பளைங்களுக்கு புருஷன் இனிஷியல் மட்டும் வர்றதால பொறந்த வீட்டுத் தொடர்பே அறுந்துபோகுது, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இதுதான்.

புதுச்சேரியில இது ரெண்டு மடங்கு. 1881 சட்டப்படி ரெனோன்சான் ஆனவங்க, அதாவது தங்களோட வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டவங்க, புதுசா குடும்பப் பேர் எடுத்துக்கிட்டாங்க, அண்ணன் வாரிசு பிரெஞ்சுப் பேர்லயும் தம்பி வாரிசு தமிழ் இனிஷியல்லயும் இருப்பாங்க. பிரெஞ்சு பதிவுல 'உ' சத்தத்துக்கு ஓ, யூ ரெண்டு எழுத்தையும் சேர்த்து எழுதியிருப்பாங்க, அதை நாமளா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கு மாத்தி எழுதிட்டா அப்புறம் பிரான்ஸ்ல இருக்கற ஆவணக் காப்பகத்து பதிவுகள்ல தேடறப்ப ஆளே கிடைக்கமாட்டாங்க. பதிவுல இருக்கற மாதிரியே ஒரு தடவை, வீட்டுல கூப்பிடற பேரு பக்கத்துல ஒரு தடவை, ரெண்டும் வேணும்.

ஊரும் அப்படித்தான். புதுப்பாளையம்னா கடலூர்லயும் இருக்கு, திருவண்ணாமலை மாவட்டத்துலயும் இருக்கு. 1950ல பண்ருட்டியில பொறந்தவர் தென்னாற்காடு மாவட்டம், கடலூர் மாவட்டம் வந்ததே 1993லதான். அதே 1950ல வில்லியனூர்ல பொறந்தவர் பிரெஞ்சிந்தியா, ஏன்னா நிர்வாகம் கைமாறுனது 1954 நவம்பர் 1லதான். அன்னைக்கு எந்த மாவட்டமோ அதையும் இன்னைக்கு எந்த மாவட்டமோ அதையும் சேர்த்து எழுதுனாத்தான் பழைய ரிஜிஸ்டர் எந்த ஆபீஸ்ல இருக்கும்னு தேடவே முடியும்.

அதனால விளம்பரம் வாங்கற உங்க ஃபார்ம்லயே அப்பா அம்மா பேரு, பொறந்த ஊர் எந்த தாலுக்கா, நாலு இலக்க வருஷம்னு கேட்டு வாங்குங்க ஐயா. வரி கூடுனா காசு கூடும்னு ஜனங்க யோசிப்பாங்க, அந்த ரெண்டு வரிக்கு மட்டும் சார்ஜ் பண்ணாம விட்டுக்கொடுத்தீங்கன்னா எல்லாரும் போடுவாங்க.

இப்படிக்கு,
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி