வரலாறு படித்த தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

"நான் வரலாறுதான் படித்திருக்கிறேன், முதலீட்டு வங்கியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருந்தாய். அந்தத் 'தான்' நேர்காணலிலும் உன் குரலில் இருந்தால், எதிரே இருப்பவர் மற்ற எதையும்விட அதைத்தான் குறித்துக்கொள்வார். தாவரவியல் பட்டத்தோடு இதே வாசலில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

நிறுவனங்களை வாங்கவும் விற்கவும் ஆலோசனை சொல்வதும், பங்கோ கடன்பத்திரமோ வெளியிட்டு அவை பணம் திரட்ட உதவுவதும்தான் இந்த வங்கிகளின் தலையாய வேலை. அனலிஸ்டாக, அதாவது தொடக்கநிலைப் பணியாளராகச் சேர்பவர் பெரும்பாலும் எக்செல் தாள்களோடும் வாடிக்கையாளருக்கான விளக்கப் பக்கங்களோடும் நாளைக் கழிக்கிறார். அங்கே தேவைப்படும் கணிதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. கணக்கியல் அறிவு கட்டாயம் வேண்டும்; ஆனால் அதைப் பட்டமாகத்தான் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

அந்த அறிவைச் சோதிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்துகளின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் காட்டும் செலவு) 100 அதிகமானால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி விகிதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள். லாப நட்ட அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும், வரி 25 குறையும், ஆகவே நிகர லாபம் 75 குறையும். தேய்மானத்துக்காக யாரும் பணம் கொடுப்பதில்லை என்பதால், பணப்பாய்வு அறிக்கையில் அந்த 100 திரும்பச் சேர்க்கப்பட்டு, ரொக்கம் 25 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 25 ஏறி, நிலையான சொத்து 100 இறங்க, சொத்துப் பக்கம் மொத்தம் 75 குறையும். மறுபக்கம் பங்குதாரர் நிதியும் அதே 75 குறைந்து இரண்டும் சமமாகும். என் முதல் நேர்காணலில், செலவு கூடினால் ரொக்கம் குறையத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். விடையை மனப்பாடம் செய்தவரை அடுத்த கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்த 25 எங்கிருந்து வந்தது என்பது உனக்குப் புரியும்வரை தாளில் போட்டுப் பார்.

நீ வரலாற்றில் கற்றதும் வீண் போகாது. ஓர் ஆவணத்தை எடுத்தால், இதை எழுதியவர் யார், யாருக்காக, எதை மறைத்து என்று கேட்கப் பழகியவள் நீ. ஒரு நிறுவனத்தை விற்கும்போது தயாரிக்கப்படும் தகவல் ஏட்டை எழுதுவது விற்பவரின் வங்கி என்பதை நினைவில் வைத்து, அதை அந்தக் கண்ணோடு படி. ஆண்டறிக்கையின் அடிக்குறிப்புகளையும் அப்படியே படி. இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், ஊடக நிறுவனமான டைம் வார்னரை வாங்குவதாக 2000 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இணைப்பை எடுத்துக்கொள். விலை ரொக்கமாக அல்லாமல் பங்குகளாகக் கொடுக்கப்பட்டது. இணைந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் ஏஓஎல் பங்குதாரர்களுக்குப் போனது. இணையப் பங்குகள் சரிந்த பின், 2002-ஆம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் அறிவித்த நட்டம் 98 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி குட்வில் (ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நிகரச் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. உச்சத்தில் இருந்த தன் பங்கை நாணயமாக்கி வாங்கியவர் ஒருபக்கம், அதை ஏற்று விற்றவர் மறுபக்கம்: யார் கெட்டிக்காரர் என்று உன்னால் பத்து நிமிடம் வாதிட முடிந்தால், பட்டத்தைப் பற்றிய கேள்வி தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய வங்கிகள் தங்கள் அனலிஸ்டுகளில் பலரைக் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் இருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதற்கான விண்ணப்பமோ பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். அது தவறிப்போனால் சிறிய ஆலோசனை நிறுவனங்கள், தணிக்கை நிறுவனங்களின் மதிப்பீட்டுப் பிரிவுகள், பின்னாளில் எம்பிஏ என்று சுற்றுவழிகள் உண்டு. முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தாய். மூன்று நிலைகள் கொண்ட அந்தத் தேர்வு முதலீட்டு மேலாண்மைக்குப் பொருந்தும் அளவுக்கு இந்த வேலைக்குப் பொருந்தாது. அந்த மாதங்களை நிதி மாதிரி, அதாவது ஒரு நிறுவனத்தின் வருங்கால வரவுசெலவை எக்செலில் கணிக்கும் தாள், கட்டப் பழகுவதில் செலவிடு என்பேன்.

வாரத்துக்கு எண்பது மணி நேரம் உழைப்பது இங்கே அரிதல்ல என்பது உனக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

நான் சொன்ன இணைப்பைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பு. விலை சரியா தவறா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. மறுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்