லாக் நிற்காத மடக்குக் கத்தி: மாற்றித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய மூன்றரை அங்குல டி2 எஃகு மடக்குக் கத்தியில் லாக் நிற்பதில்லை. இது லைனர் லாக் வகை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடுதான் திறந்த பிளேடை மடங்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். போனிலும் மெயிலிலும் நேரிலும் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வந்த பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டோம் சார்."

பிளேடு சுழலும் அச்சான பிவோட் ஸ்க்ரூவை முறுக்கினால் பக்கவாட்டு ஆட்டம் போகும். என் கத்தியில் அது இல்லவே இல்லை. பிளேடு மேலும் கீழுமாக ஆடுகிறது. அது லாக்கின் கோளாறு. கத்தி விற்கிற கம்பெனிக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மெதுவாகத் திறந்து, கைப்பிடியில் பிளேடு மடங்கி உட்காரும் பக்கமாகப் பாருங்கள். லைனர் தகடு பிளேடின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறி உட்கார வேண்டும். பாதி வரை ஏறினாலும் நல்லதுதான். இதில் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பிளேடின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தகடு நழுவி, பிளேடு விரல் மேல் மடங்குகிறது. எண்ணெய்ப் பசையாக இருக்கும் என்றார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தும் அப்படியேதான் இருக்கிறது. தகட்டுக்குக் கொடுத்த வளைவு போதாமல் இருக்கலாம், இல்லையென்றால் தகடு வந்து மோதும் முகத்தின் சரிவு அதிகமாக இருக்கலாம். சரிவு அதிகமானால் அழுத்தம் தகட்டையே வெளியே தள்ளிவிடும். எதுவானாலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சரிசெய்கிற வேலை இல்லை.

உங்கள் சர்வீஸ் சென்டரில் இருந்த மனிதரோ கத்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "காய் நறுக்கத்தானே சார், அதுக்கு லாக் எதுக்கு?" என்றார். காய் நறுக்க வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது ஐயா! நான் அழுத்திக் காட்டியதும், "மடக்குக் கத்தின்னா மடங்கத்தானே செய்யும்" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கத்தி என்றதும் கூரியரில் வாங்க மறுத்ததால்தான் பஸ் ஏறி அங்கே போனேன். அந்த ஒரு நாள் கூலியே கத்தி விலையைத் தாண்டும். மலைக்குப் போக இருந்த பயணமும் போயிற்று. மொத்த நட்டம் பத்து மடங்கு தேறும்.

இன்னொன்று. டி8 என்கிற நட்சத்திர முனை பிட் போட வேண்டிய ஸ்க்ரூவில் என்னத்தைப் போட்டுத் திருகினார்களோ, நட்சத்திரக் குழி வழவழவென்று தேய்ந்து திரும்பி வந்தது. பிறகு வந்த மெயிலில், "ஸ்க்ரூ சேதமடைந்துள்ளதால் வாரண்டி செல்லாது"! சேதம் செய்தது யார்?

பெட்டியில் "ஸ்டெயின்லெஸ்" என்று அச்சிட்டிருப்பதையும் தயவுசெய்து திருத்துங்கள். டி2-வில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு உண்டு. ஆனால் கார்பனும் 1.5 சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுகிறது, துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் புள்ளி விழும். கூர் நீடிக்கும் என்று தெரிந்தே வாங்கியதால் துருவுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. தெரியாமல் வாங்குகிறவர் ஏமாறுவார்.

பிரான்சின் ஒபினெல் மடக்குக் கத்தியில் 1955-லிருந்து ஒரு வளையத்தைத் திருப்பிப் பூட்டுகிறார்கள். அவ்வளவு எளிய ஏற்பாடே பிளேடைப் பிடித்து வைக்கிறது. இத்தனை விலை வாங்குகிற உங்களால் ஒரு தகட்டை ஒழுங்காக உட்கார வைக்க முடியாதா?

உங்கள் பொருட்கள் மேல் இன்னும் மரியாதை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பதினைந்து நாட்களுக்குள் வேறு கத்தி கொடுங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பழையதை மறுபடி முறுக்கி அனுப்பினால் வாங்க மாட்டேன். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது. நழுவுகிற லாக்கை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மாற்றுக் கத்தியைக் கொடுக்கும்முன் அந்தச் சிரித்த மனிதரையே பிளேடின் முதுகில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், விரலைப் பிளேடுக்குக் கீழே வைத்தபடி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி மறுப்பு மெயில், தேய்ந்த ஸ்க்ரூவின் படம்