மெக்கானிக்கல் துறை ஆசிரியர்களுக்கு கடைசி பெஞ்சுல இருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் சாருக்கும், பாடம் எடுக்கிற எல்லா சார், மேடத்துக்கும் வணக்கம்.

செவ்வாக்கிழமை மெட்டலர்ஜி (உலோகவியல்) கிளாஸ்ல என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். "சார், ஸ்லைடுல ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல"ன்னு எந்திரிச்சு சொன்ன பையனை வெளிய அனுப்பிட்டாங்க. அவன் திமிர்ல சொல்லல சார், நெஜமாவே தெரியல. சூடும் கார்பன் அளவும் மாறுறப்ப இரும்போட உள்ளமைப்பு (ஆஸ்டனைட், பியர்லைட் மாதிரி) எப்படி மாறுதுன்னு காட்டுற அயர்ன் கார்பன் டயக்ராமை புக்குல இருந்து ஸ்கேன் பண்ணி அப்படியே ஒட்டி, அதுக்குக் கீழ பன்னெண்டு வரி பொடி எழுத்து, ஜன்னலுக்கு கர்ட்டன் கெடையாது, வெயில் நேரா ஸ்கிரீன்ல அடிக்குது, "இதான் 727 டிகிரி கோடு, இங்கதான் ஆஸ்டனைட் பியர்லைட்டா மாறுது"ன்னு லேசர் அடிச்சுக் காட்டுறாங்க, எங்களுக்குத் தெரிஞ்சது அந்த செவப்புப் புள்ளி மட்டும்தான். நோட்டுல ரெண்டு வரி எழுதுறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு. எங்கள்ல பாதிப்பேர் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல படிச்சுக்கிட்டே நீங்க பேசுறதையும் கேக்க முடியல.

இதே படத்தை வொர்க்ஷாப் சார் ஒருநாள் போர்டுல போட்டாரு. மொதல்ல ரெண்டு அச்சு, அப்புறம் 727 கோடு, அப்புறம் 0.8 சதவீத கார்பன் புள்ளி. நாங்களும் கூடவே வரைஞ்சோம், புரிஞ்சுது. ஸ்லைடுலயும் அப்படி ஒவ்வொரு கோடா கொண்டு வரலாமே. நாங்க கேக்குறது இவ்ளோதான்: ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், கடைசி பெஞ்சுக்குத் தெரியுற எழுத்து, 28 சைஸுக்குக் கொறையாம.

இதை சின்ன விஷயமா நெனைக்காதீங்க. 2003ல கொலம்பியா விண்கலம் மேல பறந்துக்கிட்டு இருந்தப்பவே, கெளம்புறப்ப எரிபொருள் டேங்க்ல இருந்து பிஞ்சு வந்து அதோட இறக்கையில அடிச்ச நுரைத் துண்டைப் பத்தி இன்ஜினியருங்க நாசாவுக்கு ஸ்லைடு காட்டுனாங்க. தலைப்பு தைரியம் சொல்ற மாதிரி இருந்துச்சு, டெஸ்ட் பண்ணுன துண்டை விட அடிச்சது பல நூறு மடங்கு பெருசுங்கிறது அடியில பொடி எழுத்துல கெடந்துச்சு. கல்பனா சாவ்லாவோட சேத்து ஏழு பேர் திரும்பி வரல. அந்த ஸ்லைடு மட்டும்தான் காரணம்னு சொல்லல, ஆனா விசாரணை அறிக்கையில அதைத் தனியா எடுத்துப் போட்டே குறை சொல்லியிருக்காங்க.

இன்ஸ்பெக்ஷன் வந்த அன்னிக்கு மட்டும் புது புரொஜக்டர், அழகான ஸ்லைடு எல்லாம் வந்துச்சு, மறுநாள் எங்கயோ போயிடுச்சு. ஃபீஸ் கட்டுறது நாங்கதானே சார்.

கோவத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிருங்க. கிளாஸுக்கு முன்னாடி ஸ்லைடைப் போட்டுட்டு ஒரே ஒரு தடவ கடைசி பெஞ்சுல வந்து உக்காந்து பாருங்க, ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் மட்டும் வைங்க. செவ்வாக்கிழமை அந்தப் பையனுக்குப் போட்ட ஆப்சென்ட்டையும் தயவு செஞ்சு எடுத்துடுங்க.

இப்படிக்கு,
இரண்டாம் வருஷ மாணவர்கள்